முப்பத்தொரு கோல்

ஜலந்தர்
11-2-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சௌந்திரம் வணங்கி எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். நீங்களும் உங்கள் போர்வெல் ரிக் வண்டி ஆட்களும் உடம்பு நோகாமல் இருக்க வேண்டும். முதுகு வலி இப்போது எப்படி? ராத்திரி வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். டிரில்லருக்கு முதுகு வலிக்காது என்று வீம்பு பண்ண வேண்டாம்.

கேம்ப் தொடங்கிவிட்டது. குளிர் என்றால் அப்படி ஒரு குளிர். காலையில் பந்தைப் பிடித்தால் விரல் இருக்கிறதா, உதிர்ந்துவிட்டதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. மூன்று வேளையும் ரொட்டி. ஞாயிற்றுக்கிழமை மட்டும் சோறு போடுகிறார்கள், அதுவும் கஞ்சி வடிக்காத சோறு. நம் ஊர் நெய்யும் பருப்பும் நினைப்புக்கு வந்தால் பேசாமல் இன்னொரு ரொட்டியைத் தின்றுவிட்டு எழுந்துவிடுகிறேன்.

நாடு முழுவதிலிருந்தும் இருபத்தெட்டுப் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். அதில் பதினான்கு பேர் இந்தியாவுக்காக ஆட வெளிநாடு போவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். அம்மா நான் என்ன ஆடுகிறேன் என்று யார் கேட்டாலும் "பந்து பொறுக்கற வேலைங்க" என்கிறாளாம். தயவுசெய்து சொல்லி வையுங்கள். ஹேண்ட்பால் என்றால் பக்கத்துக்கு ஏழு பேர். கையாலேயே தட்டிக்கொண்டும் தூக்கிப் போட்டுக்கொண்டும் போய் எதிர்க் கம்பத்துக்குள் எறிவார்கள். நான் அந்தக் கம்பத்துக்குள் நிற்கிறவள். பொறுக்குவதில்லை, தடுப்பது.

கோல்கீப்பர்கள் நான்கு பேர் இருக்கிறோம். இரண்டு பேர்தான் போக முடியும். ஹரியானாப் பெண் ஒருத்தி என்னைவிட ஒரு சாண் உயரம். ஆனால் பந்து முகத்துக்கு நேராக வந்தால் கண்ணை மூடிவிடுகிறாள். நான் மூடுவதில்லை. சேலம் காலேஜில் பி.டி. அம்மா என்னைக் கம்பத்தில் நிறுத்தியதே அதனால்தான்.

அண்ணா, எனக்கு எப்படியாவது போக வேண்டும். வேறு எதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

ஆட்கள் எல்லாரையும் கேட்டதாகச் சொல்லவும். உடம்பு பத்திரம்.

தங்கை
சௌந்திரம்


நாக்பூர்
20-3-1979

பாசமுள்ள தங்கச்சி சௌந்திரத்துக்கு,

அண்ணன் சென்னியப்பன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். உன் நலத்துக்கு நம் கொங்கணாபுரத்துச் சாமி துணையிருக்கட்டும். முதுகு வலி தேவலை. உன் கடிதம் ஏஜெண்டு ஆபீசில் ஒரு மாசம் தூங்கியிருக்கிறது. நாங்கள் ஒரு காட்டுக்குள் போர் போட்டுக்கொண்டிருந்தோம். முந்நூறு அடி போயும் புழுதிதான் வந்தது. திரும்பி வந்து பார்த்தால் உன் கடிதம்.

பேப்பரில் வந்த உன் போட்டோவை டிரைவர் பச்சமுத்துவிடம் காட்டினேன். "ஏனுங்க, இது உங்க தம்பிங்களா?" என்றான். முடியை அப்படியா வெட்டுவார்கள்? அம்மா பார்த்தால் கோயிலுக்கு முடி கொடுத்துவிட்டாய் என்று நினைப்பாள். எதற்கும் ஊருக்கு வருவதற்குள் வளர்த்துக்கொள்.

உன்னைக் காலேஜில் சேர்க்கும்போது சித்தப்பா என்ன குதி குதித்தார் என்று உனக்குத் தெரியும். "பொட்டப்புள்ளைய டவுசர் போட்டு ஓட உடறதுக்கா படிக்க வெக்கறே?" என்று கேட்டார். இப்போது அவரே ராசிபுரம் பஸ் ஸ்டாண்டில் நின்று, "எங்கண்ணன் மக டெல்லி டீமுங்க" என்று போகிற வருகிறவரிடம் சொல்கிறாராம். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும்.

கண்ணை மூடாதே. அந்த உயரக்காரியை விட்டுவிடாதே. ஊர்க் காரியங்களை நான் பார்த்துக்கொள்கிறேன்.

குளிருக்குத் தலையைத் துணியால் கட்டிக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

அண்ணன்
சென்னியப்பன்


ஜலந்தர்
2-6-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

நமஸ்காரம். நான் நலம். வெயில் அங்கே எப்படி? இங்கே குளிருக்குச் சேர்த்து வட்டி வாங்குகிறது.

அண்ணா, எடுத்துவிட்டார்கள்! பதினான்கு பேரில் நான் இருக்கிறேன். அது மட்டுமில்லை, முதல் கோல்கீப்பரே நான்தான். ஹரியானாப் பெண் இரண்டாவது. பேர் வாசித்தபோது கோச் என் பேரை 'சவுந்தரா' என்றார். எப்படி வாசித்தால் என்ன, ஓடிப் போய் நின்றுவிட்டேன். அப்புறம் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். அந்த உயரக்காரிதான் வந்து கதவைத் தட்டி முதுகைத் தடவிக் கொடுத்தாள். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே அறை. அவள் தமிழில் 'போடி' மட்டும் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

ஆகஸ்டு இருபத்தாறாம் தேதி டெல்லியில் ப்ளேன். ஐரோப்பாவில் ஒரு தேசம். ஊர் பேரை எழுதினால் உங்கள் நாக்கு சுளுக்கிக்கொள்ளும். ஐந்து ஆட்டம். நீல நிறத்தில் கோட்டுக்கு அளவெடுத்தார்கள். தையல்காரர் தோளை இரண்டு தடவை அளந்துவிட்டு ஏதோ இந்தியில் சொன்னார், எல்லாரும் சிரித்தார்கள். கோட்டின் நெஞ்சில் 'இந்தியா' என்று நூலில் தைத்து வரும். எனக்கு ஒன்றாம் நம்பர்.

பாஸ்போர்ட்டுக்காகப் போலீஸ் நம் வீட்டுக்கு விசாரிக்க வரும். அம்மா பயந்துவிடப் போகிறாள், முன்கூட்டியே சொல்லுங்கள். ஊரெல்லாம் பெருமையடிக்க வேண்டாம். கண்ணு பட்டால் கஷ்டம்.

மழை விழுந்ததும் ரிக் ஊர் திரும்பிவிடும் அல்லவா? அடுத்த கடிதத்தை வீட்டுக்கே போடுகிறேன். அம்மாவின் கால் வீக்கம் பற்றி எழுதவும்.

தங்கை
சௌந்திரம்


குட்டைக்காடு
8-7-1979

பாசமுள்ள தங்கச்சிக்கு,

ஊரில் அம்மாவும் நானும் சுகம். கால் வீக்கம் வடிந்துவிட்டது. நீ நல்லபடியாக இருப்பாய் என்று நம்புகிறோம்.

போலீஸ்காரர் வந்தார். சைக்கிளைக் கட்டுத்தறியில் சாய்த்துவிட்டு, "இங்க சௌந்திரம்ங்கறது யாரு?" என்று கேட்டதுதான் தாமதம், அம்மா, "எம்புள்ள ஒரு தப்பும் பண்ணியிருக்க மாட்டாளுங்க சாமி, பந்து வெளையாடறவளுங்க" என்று கும்பிட்டுவிட்டாள். அவர் விஷயத்தைச் சொல்லி, மோர் குடித்துவிட்டுப் போனார். அன்றைக்கே கிணற்றடியில் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. பெருமையடிக்க வேண்டாம் என்று நீ எழுதியதை அம்மாவிடம் படித்துக் காட்டி ஒரு பிரயோஜனமும் இல்லை.

இன்னொரு சேதி. எனக்குப் பெண் முடிவாகியிருக்கிறது. திருச்செங்கோட்டுப் பக்கம். பேர் கந்தம்மாள். பார்த்தேன், நல்ல மாதிரி. முகூர்த்தம் ஆவணி பதினான்கு, வியாழக்கிழமை. அது ஆகஸ்டு முப்பது. புரட்டாசியில் கல்யாணம் ஆகாது. ஐப்பசியில் நான் மறுபடி வடக்கே போய்விடுவேன். ஏற்கெனவே இரண்டு வருஷம் தள்ளிப்போன காரியம் என்பதால் பெண் வீட்டிலும் ஆவணியைத் தாண்ட வேண்டாம் என்கிறார்கள்.

உன் தேதி தெரியும். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. இங்கே காரியமெல்லாம் நல்லபடியாக நடக்கும். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. உன் சௌகரியம் போலச் செய்.

அம்மா உன்னை ரொம்ப விசாரித்தாள். நேரத்துக்குத் தூங்கு.

அண்ணன்
சென்னியப்பன்


டெல்லி
31-7-1979

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். கடைசிக் கட்ட கேம்புக்கு டெல்லி வந்துவிட்டோம். நான் நலம். கல்யாணச் சேதி படித்து அவ்வளவு சந்தோஷம். அண்ணி போட்டோ இருந்தால் அனுப்பக் கூடாதா? 'நல்ல மாதிரி' என்றால் எப்படித் தெரிந்துகொள்வது? மாட்டுக்கும் அதைத்தான் சொல்வீர்கள்.

அண்ணா, உங்கள் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் படித்தேன். இணைச்சீர் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. தாலி கட்டுவதற்கு முன்னால் கூறைச்சேலையின் ஒரு தலைப்பை நீங்கள் பிடிக்க, மறு தலைப்பைப் பிடித்துக்கொண்டு கூடப் பிறந்தவள் நிற்க வேண்டும். உங்களுக்குக் கூடப் பிறந்தவள் நான் ஒருத்திதான். பக்கத்து ஊரில் அந்தக் கல்யாணம் நினைவிருக்கிறதா? மாப்பிள்ளையின் தங்கை வரவில்லை என்று வேறு ஒருத்தியை நிறுத்தினார்கள். பந்தலில் பாதிப் பேர், "கூடப் பொறந்தவளுக்கும் இவனுக்கும் என்ன தகராறாம்?" என்று அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மாவும் பேசினாள்.

பதினெட்டாம் தேதிக்குள் டீம் மேனேஜர் அம்மாவிடம் வருகிறேனா இல்லையா என்று நான் சொல்லியாக வேண்டும். அதற்குப் பிறகு டிக்கெட்டில் பேர் மாற்ற முடியாதாம். நம் அம்மாவின் மனசில் என்ன இருக்கிறது? அதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். நீங்கள் எப்படிச் சொல்கிறீர்களோ அப்படி.

கோட்டு தைத்து வந்துவிட்டது. தோள் சரியாக இருக்கிறது. ஒரு தடவை போட்டுப் பார்த்துவிட்டுப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

கல்யாண வேலையில் சாப்பிடாமல் இருக்காதீர்கள். அம்மாவின் காலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கை
சௌந்திரம்


(அச்சடித்த கல்யாணப் பத்திரிகையின் பின்புறம், கையால் எழுதியது)

குட்டைக்காடு
10-8-1979

தங்கச்சி சௌந்திரத்துக்கு,

எல்லாரும் நலம். முதல் பத்திரிகை குலசாமிக்கு, இரண்டாவது உனக்கு என்று அம்மா தன் கையாலேயே நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கொடுத்தாள். முறைப்படி அனுப்பியிருக்கிறோம். பந்தலுக்குச் சொல்லியாகிவிட்டது. வேலை தலைக்கு மேல் இருப்பதால் நீளமாக எழுத முடியவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். எல்லாம் உன் மனசு போல நடக்கும்.

அண்ணன்
சென்னியப்பன்


சேலம்
15-10-1979

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

சௌந்திரத்தின் வணக்கம். நான் நலம். அண்ணிக்கு நம் வீட்டுத் தண்ணீர் ஒத்துக்கொண்டதா? அண்ணன் வடக்கே கிளம்பும் முன் இது கையில் கிடைக்க வேண்டும் என்று அவசரமாக எழுதுகிறேன்.

கல்யாணக் கூட்டத்தில் உங்களோடு நாலு வார்த்தை பேச முடியவில்லை. டெல்லியில் டிக்கெட் கிடைக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகி, மூன்று நாள் ரயிலில் வந்து, சேலத்தில் விடியற்காலை பஸ் பிடித்து, நான் வந்து இறங்கியபோது அம்மா பந்தலிலேயே உட்கார்ந்து ஓவென்று அழுதுவிட்டாள். நான் வருவேன் என்று அவளே நம்பவில்லை போலிருக்கிறது. அந்த அழுகையைப் பார்த்ததும் வந்தது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். இணைச்சீருக்கு அம்மா எனக்குத் தைத்து வைத்திருந்த ரவிக்கையில் என் கையே நுழையவில்லை. பெற்றவளுக்கு மகள் அளவு மறந்துபோச்சா? முத்தாயம்மாள் அத்தை தையலைப் பிரித்து, ஊசி குத்தி, முந்தானையால் மூடி நிறுத்தினாள். சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்த சிரிப்பில் பாதி அந்த ஊசிக்குப் பயந்து.

இங்கே பெண்கள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர் வேலை கிடைத்திருக்கிறது. செவ்வாய்ப்பேட்டைக்குப் பக்கத்தில் ஹாஸ்டல். சத்தம் அதிகம், சாப்பாடு பரவாயில்லை.

போனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். பேப்பரில் கடைசிப் பக்கத்தில் நாலு வரி போட்டிருந்தான். ஐந்து ஆட்டமும் தோல்வி. முதல் ஆட்டம் முப்பத்தொன்றுக்கு ஆறு. ஹரியானாப் பெண்தான் கம்பத்தில் நின்றிருக்கிறாள். அடுத்த கேம்புக்கு என்னைக் கூப்பிட மாட்டார்கள் என்று தெரிகிறது. இருக்கட்டும்.

அம்மாவுக்கு மாத்திரை நிறுத்த வேண்டாம். அண்ணி வீட்டாரை விசாரித்ததாகச் சொல்லவும்.

தங்கை
சௌந்திரம்


நாக்பூர்
4-1-1980

பாசமுள்ள தங்கச்சிக்கு,

நான் நலம். வண்டியும் நலம். இந்தத் தடவை தண்ணீர் நன்றாக விழுகிறது. உன் அண்ணி முழுகாமல் இருக்கிறாள் என்று கடிதம் வந்திருக்கிறது. முதலில் உனக்குத்தான் சொல்கிறேன்.

உன் கடிதத்துக்கு உடனே பதில் எழுத நினைத்தேன். என்ன எழுதினாலும் உனக்கு நோகும் என்று தள்ளிப்போட்டுவிட்டேன். அம்மிணி, விட்டுத் தள்ளு. உன்னைப் போல ஒருத்தியை வைத்துக்கொள்ளத் தெரியாதவர்களுக்குத்தான் நஷ்டம். டெல்லியில் இருப்பவர்களுக்குக் கண் தெரியாவிட்டால் நாம் என்ன செய்வது? போனவர்களும் தோற்றுத்தானே வந்தார்கள்? அம்மாவும் அதையேதான் சொல்கிறாள். கல்யாணத்தில் ஒருத்தரும் உன்னிடம் அதைப் பற்றிக் கேட்கக் கூடாது என்று எல்லாரையும் அதட்டி வைத்திருந்தாள்.

ஹாஸ்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாவிட்டால் சனி ஞாயிறு ஊருக்குப் போய்விடு. நல்லெண்ணெய் தேய்த்துக் குளி.

அண்ணன்
சென்னியப்பன்


சேலம்
12-2-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌந்திரம் வணங்கி எழுதுவது. நானும் உங்கள் மாப்பிள்ளையும் பையனும் நலம். நீங்கள் எந்தக் காட்டில் இருக்கிறீர்களோ, இது வந்து சேரட்டும். பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். அண்ணியும் குழந்தையும் நன்றாக இருக்கிறார்கள். அம்மா படத்துக்கு மாலை போட்டுவிட்டு வந்தேன். அவள் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் கதவைத் திறந்தால் "வாடி சாமி" என்று கேட்கும்போலவே இருக்கிறது.

நாம் கடிதம் எழுதி வருஷக் கணக்காகிவிட்டது. நோம்பிக்கு நோம்பி நேரில் பார்க்கிறோம், எதற்கு எழுதுவது என்று விட்டுவிட்டோம். இதையும் நேரில் கேட்டிருக்கலாம். கேட்டால் அழுதுவிடுவேன், நீங்களும் அழுவீர்கள். அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் நம் சித்தப்பா மகள் செல்லாயி செவ்வாய்ப்பேட்டைக்கு ஜவுளி எடுக்க வந்தவள் வீட்டுக்கு வந்தாள். சாப்பிட்டுக்கொண்டே பழைய கதை பேசினோம். உங்கள் கல்யாணப் பேச்சு வந்தது. நான் அந்த ரவிக்கைக் கதையை எடுத்துவிட்டேன். அவள் சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை.

"ஏனக்கா, அது எனக்குத் தெச்ச ரவிக்கைக்கா! உனக்கு எப்படிக் கை நொழையும்?" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "இணைச்சீருக்கு நாந்தானே நிக்கறதா இருந்துது. பெரிம்மா ஆடி மாசமே எங்கூட்டுக்கு வந்து கேட்டுட்டாங்க. தலைக்குத் தண்ணி ஊத்தி, அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டுப் பூ வெச்சிட்டு உக்காந்திருந்தேன். நீ பஸ்ஸை உட்டு எறங்கி வாரே! உள்ள ஓடிப் போயி அவுத்துக் குடுத்தேன். நீ ப்ளேன்ல போயிருப்பேன்னு பெரிம்மா ஊரெல்லாம் சொல்லீட்டு இருந்தாங்களே, ஏன் திடுமுன்னு வந்தே?"

மோர் ஊற்றட்டுமா என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டேன்.

அண்ணா, அவள் சொல்வது நிஜமா? ஒரு வரி எழுதுங்கள் என்று நான் கெஞ்சினேன். பதினெட்டாம் தேதி காலைவரை மேனேஜர் அம்மாவிடம் வாய் திறக்காமல் காத்திருந்தேன். வந்தது மஞ்சள் தடவிய பத்திரிகை. அண்ணன் வாயால் வா என்று சொல்ல மாட்டார், பத்திரிகையால் சொல்லியிருக்கிறார் என்று நினைத்தேன். அன்றைக்கே போய் என் பேரை அடிக்கச் சொன்னேன். நடுவில் விட்டுப் போகிறவளை மறுபடி கூப்பிட மாட்டோம் என்று அந்த அம்மா சொன்னார். சரி என்று கையெழுத்துப் போட்டேன்.

அம்மா இருந்தால் அவளிடமே கேட்டிருப்பேன். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உடம்பு பத்திரம். முதுகைக் கவனியுங்கள்.

தங்கை
சௌந்திரம்


சாகர், மத்தியப் பிரதேசம்
30-3-1984

பாசமுள்ள தங்கச்சி சௌந்திரத்துக்கு,

நீயும் மாப்பிள்ளையும் பையனும் நலமாக இருக்க வேண்டும். நான் இருக்கிறேன்.

உன் கடிதம் ஆட்கள் எல்லாரும் டீ குடித்துக்கொண்டிருந்தபோது வந்தது. பாதி படித்ததும் எழுந்து வண்டிக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துவிட்டேன். பச்சமுத்து வந்து, "ஊட்ல ஏதாச்சுங்களாண்ணா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்றேன்.

செல்லாயி சொன்னது நிஜம். "எம்மவ ஆகாசத்துல பறந்து போறா. அவளைப் புடிச்சு வெச்சு என்ன சீரு வேண்டிக் கெடக்குது? செல்லாயியும் அவனுக்குத் தங்கச்சிதானே, அவ நிக்கட்டும்" என்று அம்மாதான் முடிவு பண்ணினாள். எனக்கும் அதுதான் சம்மதம். பக்கத்து ஊர்க் கல்யாணத்தைப் பற்றி நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். "ஊருக்கென்ன, நாலு நாளைக்குப் பேசும்" என்றாள்.

ஏன் எழுதவில்லை என்றுதானே கேட்கிறாய்? எழுத உட்கார்ந்தேன், சாமி. இணைச்சீருக்கு வேறு ஆள் இருக்கிறது, நீ வர வேண்டாம் என்றுதான் எழுத வேண்டும். கல்யாணம் வைத்த வீட்டிலிருந்து கூடப் பிறந்தவளுக்கு 'வர வேண்டாம்' என்று எந்தக் கையால் எழுதுவது? அம்மாவைக் கேட்டேன். "அந்தச் சொல்லை எழுதீராதே. மங்கல காரியத்துல அது ஆகாது. பத்திரிகையை முறைக்கு அனுப்பீரு. அவ அவ பாட்டுக்குப் போவா. நம்ம மனசு அவளுக்குத் தெரியாதா?" என்றாள். பத்திரிகை வர முடியாதவர்களுக்கும்தான் போகும். சிங்கப்பூரில் இருக்கிற மாமாவுக்கும் ஒன்று போட்டோம். அவர் வந்தாரா? நீ மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு ரயில் ஏறுவாய் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

நீ பஸ்ஸை விட்டு இறங்கினாய். உன்னைக் கடைசி நேரத்தில் டீமிலிருந்து எடுத்துவிட்டார்கள் என்றுதான் நாங்கள் எல்லாரும் நினைத்தோம். அதனால்தான் அம்மா அழுதாள். என்னைப் பந்தலுக்குப் பின்னால் இழுத்து, "புள்ள மனசு வெந்து போயி வந்திருக்கறா. ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது. சேலையை அவளுக்கே கட்டி உடு, அந்தச் சந்தோசமாச்சும் அவளுக்கு இருக்கட்டும்" என்றாள். அதற்கப்புறம் சாகிறவரைக்கும் அந்த டெல்லிக்காரர்களைத் திட்டாத நாளே இல்லை. எம்புள்ளையை வேண்டாம் என்று சொன்னவர்கள் உருப்படுவார்களா என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் அவளோடு சேர்ந்து திட்டினேன். நீயாகத்தான் விட்டு வந்தாய் என்பதே உன் கடிதத்தைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிகிறது.

ஒரே வரி, சாமி. எழுதியிருக்கலாம்.

போன மாசம் இங்கே ஒரு இந்திப் பேப்பரில் பெண்கள் ஹேண்ட்பால் டீம் போட்டோ வந்திருந்தது. ஏஜெண்டிடம் படித்துச் சொல்லச் சொன்னேன். இந்த வருஷம் போன இடத்திலும் தோல்வியாம். இதுவரைக்கும் வெளிநாட்டில் ஆடியதில் ஒன்றுகூட ஜெயித்ததில்லை என்று கேலியாக எழுதியிருந்தானாம். தங்கச்சி போயிருந்தாலும் தோற்றுத்தானே வந்திருப்பாள் என்று சொல்லி மனசை ஆற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆறவில்லை.

என் மேல் கோபம் இருந்தால் அதையும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

அண்ணன்
சென்னியப்பன்


சேலம்
15-4-1984

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். எல்லாரும் நலம். பையனுக்கு ஒரு காகிதக் காற்றாடி வாங்கிக் கொடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு ஊர்வலம் போகிறான். நீங்கள் வேளைக்குச் சாப்பிடுங்கள். வெயில் காலம் முடிந்து வரும்போது அண்ணியையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு இங்கே நாலு நாள் இருந்துவிட்டுப் போகலாம்.

உங்கள் மேல் கோபம் இல்லை. அம்மா மேல் எப்படிக் கோபப்படுவேன்? மகளை நாலு பேர் வேண்டாம் என்று தள்ளிவிட்டார்கள் என்ற வருத்தத்தோடு அவள் போய்ச் சேர்ந்தாளே, அதுதான் தாங்க முடியவில்லை. கல்யாணத்தன்று அவள் மடியில் படுத்து, உங்களுக்காகத்தான் விட்டுவிட்டு வந்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் தியாகம் பண்ணினதாகப் பீற்றிக்கொள்வதுபோல் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டேன். நீங்கள் ஆகாத சொல் என்று எழுதவில்லை. நான் பெருமையாகிவிடும் என்று சொல்லவில்லை. நம் வீட்டில் எல்லாருக்கும் அடுத்தவர் மனசு தெரியும் என்று ஒரு நினைப்பு.

நீங்கள் ஆறவில்லை என்று எழுதியது நல்லது. 'தோற்றுத்தானே வந்தார்கள்' என்று எல்லாரும் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். என் நல்லதுக்குத்தான் சொன்னார்கள். அதற்கு என்ன பதில் என்று இன்றைக்கு உங்களுக்கு எழுதிவிடுகிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துக்கொண்டு பெங்களூர் போனேன். அங்கே அந்த ஹரியானாப் பெண் வந்திருந்தாள். அவளும் இப்போது டீச்சர். என்னைப் பார்த்ததும் "போடி!" என்று கத்திக்கொண்டு ஓடிவந்து கட்டிக்கொண்டாள். மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து சாயங்காலம் முழுக்கப் பேசினோம். அந்த முதல் ஆட்டத்தைச் சொன்னாள். எதிர்ப் பக்கத்துப் பெண்கள் எறிகிற பந்து கையில் பட்டால் எலும்புவரை அதிருமாம். முதல் ஐந்து நிமிஷத்தில் ஆறு கோல். எட்டாவது கோல் அவள் கால்களுக்கு நடுவில் புகுந்து போனபோது எதிர் அணிக்காரியே பாவப்பட்டு அவள் தோளைத் தட்டினாளாம். பதினைந்தாவதற்கு மேல் கண்ணை மூடுவதை நிறுத்திவிட்டாளாம். ஒவ்வொரு கோலாக, எந்த மூலை, எந்தக் கை என்று முப்பத்தொன்றையும் சொன்னாள். சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பாதிச் சிரிப்பில் கண் கலங்கினாள். மறுபடி சிரித்தாள்.

நான் நின்றிருந்தால் அதில் ஐந்தாறைத் தடுத்திருப்பேன். அவ்வளவுதான். ஜெயித்திருக்க மாட்டோம். அது எனக்குத் தெரியாதா?

அவள் சொல்லி முடித்துவிட்டு, "இப்ப நீ சொல்லு" என்பதுபோல் என்னைப் பார்த்தாள். என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை. அவள் போய் நின்று தோற்றுவிட்டு வந்தாள், அண்ணா. நான் தோற்கக்கூட இல்லை.

தங்கை
சௌந்திரம்